விரலுக்குத் தெரியாத பசை

14-5-99, வெள்ளி

கோதண்டம் மாஸ்டர் இன்று என் பையைத் தூக்கி மேசைமேல் போட்டார். என் பை என்றால் என் சொந்தப் பை இல்லை, அதை வாங்க நான் இன்னொரு தடவை பிறந்து வரணும். கப்பல் ஏறப் போகிற கருப்பு ஹேண்ட்பேக். பக்கவாட்டுப் பட்டை ஒட்டு விட்டு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"கார்குழலி, இது உன் கை ஒட்டினதா? பேஸ்டிங் டேபிளுக்கே உன்னத்தான் பெரியவளா குந்த வெச்சிகீறேன். நீயே இப்டி பண்ணா?"

எல்லார் முன்னாலும் கேட்டார். காலடிப்பேட்டையில் இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து என் பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. காது சூடாகிவிட்டது.

எங்கே தப்பு? தோல் நல்ல ஆட்டுத்தோல்தான், பஞ்சு மாதிரி. ஓரம் மெல்லிசாகச் சீவித்தான் வந்தது. சீவாத தோலை மடித்தால் முண்டு முண்டாக நிற்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். உள்ளே வைக்கிற அட்டையும் லைனிங் துணியும் சரி. ஆக தப்பு என் ஒட்டில்தான். பசைக்கு எங்களிடம் சொல்யூஷன் என்று பேர். பிரஷ்ஷால் தடவி, கொஞ்சம் ஆறவிட்டு, விரலால் தொட்டுப் பார்க்கணும். விரலோடு வரக்கூடாது, ஆனால் லேசாகப் பிடித்து இழுக்கணும். அந்தப் பதத்தில் மடித்துச் சுத்தியால் தட்டினால் அப்புறம் பிரிக்கவே முடியாது, தையல் மிஷினுக்குக் கொடுத்துவிடலாம். ஈரத்தில் ஒட்டினால் பிளந்துகொள்ளும். நேற்று வந்தவளுக்குக்கூட இது தெரியும்.

நான் தொட்டுப் பார்த்துத்தான் ஒட்டினேன். காய்ந்த மாதிரிதான் இருந்தது.

பொங்கலுக்கு அப்புறம் வந்த இந்தப் புது சொல்யூஷனே சரியில்லை. காற்று பட்டால் மேலே ஏடு பிடிக்கிறது, தூசி உட்காருகிறது என்று மாஸ்டர் ஜன்னலை எல்லாம் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டார். மே மாசத்தில். வேர்வையும் அந்த நெடியும் சேர்ந்து மத்தியானத்துக்குள் தலை கிர்ரென்று சுற்றுகிறது. பக்கத்தில் உட்காரும் ரஹீமுன்னிசாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் நிக்காஹ், அந்த நினைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

16-5-99, ஞாயிறு

தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஷாலு, "அம்மா, உன் கைல பலூன்" என்றாள். பார்த்தால் நடுவிரலில் கொப்புளம். எப்போது சுட்டது?

சுட்டது எனக்கு ஏன் தெரியவில்லை?

22-5-99, சனி

தண்டையார்பேட்டையில் பஸ் ஏறப் போனேன். பின்னாலிருந்து ஒரு ஆள், "யம்மா, செருப்ப வுட்டுட்டுப் போறியே" என்றான். திரும்பினால் என் இடது செருப்பு ரோட்டு நடுவில் கிடக்கிறது. வெறுங்காலோடு எவ்வளவு தூரம் நடந்தேனோ. தார் கொதிக்கிறது, என் காலுக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம். தினமும் பார்க்கிற சுவர்தான். இன்று அது என்னையே பார்த்துச் சொன்னது.

வூட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டு உடம்பு முழுக்கப் பார்த்தேன். தேமல் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. முதுகை எப்படிப் பார்ப்பேன்? ஊசியால் விரல் நுனியைக் குத்தினேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

குஷ்டம். எழுதிட்டேன். வாயால சொல்ல மாட்டேன்.

23-5-99, ஞாயிறு

கீழ் வீட்டுத் தாயம்மாவை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த வியாதி வந்து, மாத்திரை சாப்பிட்டுச் சரியாப் போச்சின்னு ஆஸ்பத்திரியிலேயே சொன்ன பிறகும், மகன் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. பேரப்பிள்ளைகள் இந்த பிளாக் வாசலில்தான் விளையாடும். அவள் கூப்பிட்டால் விலகி ஓடும். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டாள்.

என் தட்டை இன்று தனியாக எடுத்து வைத்தேன். டம்ளரும். யாரும் கவனிக்கவில்லை.

ஷாலுவுக்கு நான்கு வயசு. ராத்திரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அவளை அவங்கப்பா பக்கம் படுக்க வைத்தேன்.

27-5-99, வியாழன்

கம்பெனியிலிருந்து தின்னர் ஒரு பாட்டில் எடுத்து வந்தேன். கையில் ஒட்டின சொல்யூஷனைத் துடைக்க எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும். தோலில் எந்தக் கறை பட்டாலும் அது போதும், அப்படியே தூக்கிவிடும். எரிகிற எரிச்சலுக்கு எந்தக் கிருமி தாங்கும்? காலையும் ராத்திரியும் கை கால் எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அடுப்பைத் தொடுகிறேன்.

இப்போது எனக்கு அந்த எரிச்சல்கூட இல்லை. ஜில்லென்று இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு மட்டும்.

3-6-99, வியாழன்

லீவு போட்டிருந்தேன். வூடு வூடாக நர்சம்மாக்கள் வந்தார்கள். கையில் படம் போட்ட அட்டை. தேமல், மடங்கின விரல். மங்கை அக்கா எதிர் வூட்டில்தான் இருக்கிறாள், என் வூட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த அக்கா. நான் வேலைக்குப் போனால் ஷாலுவை அவள்தான் பார்த்துக்கொள்வாள். அவள் குரல் கேட்டது, "கார்குழலி உள்ளதாம்மா கீறா, கூப்புடுறேன் இரு."

நான் கக்கூஸுக்குள் போய்க் குந்திக்கினேன். மூச்சு விடல. கதவ தட்டுனாங்க. "எம்மா, வயிறு சரியில்லியா?" கம்முனு இருந்தேன். போறாங்களா, போகலையா. செருப்பு சத்தம் படியில எறங்குற வரைக்கும் பேஜாரு. வெளிய வந்தா காலு ரெண்டும் மரக்கட்ட. நிக்க முடியல.

பயந்துதானே ஒளிஞ்சேன்.

9-6-99, புதன்

ஷாலு பின்னாலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறினேன். அப்புறம் அவள் கையில் அது ஒட்டியிருக்குமே என்று பயம். தின்னரைத் துணியில் நனைத்து அவள் ரெண்டு கையையும் தேய்த்தேன். "எரியுது, எரியுது" என்று கத்தினாள். விடவில்லை. நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் விட்டேன்.

மங்கை அக்கா ஓடி வந்து புள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாமே, உனுக்குப் பேயா புடிச்சிகீது? ரெண்டு வாரமா பாத்துகினுதான் வரேன். கொழந்தைய தொட மாட்ற, ஒரு வா சோறு ஊட்ட மாட்ற. இப்ப இன்னாத்த ஊத்தி தேக்கிற?"

கம்பெனி அழுக்கு என்றேன்.

ராத்திரி அவர் வந்ததும் எல்லாம் அவர் காதுக்குப் போனது. ராயபுரம் ஹார்பர் கேட்டில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற ஆள், வந்ததும் படுத்துவிடுவார். இன்று படுக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் எதுனா தப்பு பண்ணிட்டனா?" என்றார்.

இல்லை என்றேன். இந்த ஜெயவேல் கோபப்பட்டுத் தொலைத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் ஷாலு யாரும் சொல்லாமலே அவர் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

14-6-99, திங்கள்

செருப்பு திரும்பவும் கழன்றது. கட்டிங் மேசைக்குக் கீழே கிடந்த கழிவுத் தோலில் ஒரு பட்டை எடுத்தேன். ஆட்டுத்தோல், கருப்பு. குதிகாலைச் சுற்றி வருகிற மாதிரி செருப்பில் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாராவது கேட்டால் பஸ்ஸில் மிதிபடுகிறது என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

பேனா கையில் பிடிபட மாட்டேன் என்கிறது. எழுத்து கோணுகிறது.

21-6-99, திங்கள்

வரிசையா எழுதிப் பாக்கறேன்.

சாயங்காலம் கம்பெனி வாசல்ல செருப்பு மாட்டினேன். கருப்பு முடிச்சு போட்ட செருப்பு. மாட்டினா சின்னதா கீது. குதிகால் வெளிய நிக்குது. என்னடா இதுன்னு பாத்தா, என்னுது பக்கத்துலயே கீது. அதே பட்ட, அதே முடிச்சு, அது என் செருப்பு. அப்போ நான் மாட்டினது?

ரஹீமுன்னிசா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "அக்கா, அது என்னுது. குடுத்துருங்க" என்றாள்.

நான் என் செருப்பைக் கையில் எடுத்து அவளிடம் காட்டினேன். அவ்வளவுதான். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நிக்காஹ் நின்னு போயிடும்னு வூட்ல சொல்லலக்கா. பொத்தான்கூடப் போட முடியல. தங்கச்சிதான் போட்டு வுடுறா" என்றாள். அப்புறம் மெதுவாக, "என்கிட்டேருந்துதான் உங்களுக்கு வந்துருச்சாக்கா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதையே நான் அவளைக் கேட்க இருந்தேன். தினம் என் டிபன் பாக்ஸிலிருந்துதானே கருவாட்டுக் குழம்பு எடுத்துச் சாப்பிடுகிறாள். நான் கொடுத்ததுதான், என் கையிலிருந்து போனதுதான் என்று அந்த நொடியே முடிவு கட்டிவிட்டேன். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு நான் அதைக் கொடுத்துவிட்டேனா?

சொக்கம்மாள் செருப்பைத் தேடினேன். எங்கள் மேசையில் மூன்றாவது ஆள் அவள்தான், ரெண்டு பிள்ளைக்காரி. அவள் செருப்பில் தோல் இல்லை, லைனிங் துணியைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

22-6-99, செவ்வாய்

மூன்று பேரும் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தோம். சொக்கம்மாள் முதலில் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றாள். "எனுக்கு ஒன்னியும் இல்ல, கால் வீக்கம்." ரஹீமுன்னிசா தன் கையை நீட்டி, ஊசியைக் கொடுத்து, குத்துங்க என்றாள். சொக்கம்மாள் குத்தவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆளுக்கு ஆள் தான்தான் மற்றவளுக்கு ஒட்டிவிட்டதாக நினைத்துச் செத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ரஹீமுன்னிசா வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் குளிக்கிறாள். சொக்கம்மாளும் தின்னர்தான். நான் எடுத்துப் போவதைப் பார்த்து அவளும் எடுத்தாளாம்.

அப்புறம் சொக்கம்மாள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "தையல் மிஷின்காரி அஞ்சு பேரும் நம்ம கூடத்தானமே துன்றாளுங்க. அவளுங்க டிபன்ல நானும் கை வெக்கறேன். அவளுங்க எவ செருப்புலயும் கட்டு இல்லியே."

வாசலில் போய்ப் பார்த்தோம். இல்லை. கட்டிங் ஆட்கள் செருப்பிலும் இல்லை. எங்கள் மூன்று ஜோடியில் மட்டும்தான்.

ஒட்டுற வியாதின்னா ஒரு மேசையோட ஏன் நிக்கும்? எங்க மேசையில மட்டும் இன்னா கீது?

நெடி. அதுதான் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னதும் எனக்கு நிம்மதி வரவில்லை, இன்னொரு பயம் வந்தது. நான் அதை வூட்டுக்கும் அல்லவா எடுத்துப் போயிருக்கிறேன்.

24-6-99, வியாழன்

மூன்று பேரும் சேர்ந்து பெரியாஸ்பத்திரி போனோம். தோல் டாக்டரிடம் வரிசையில் நிற்கும்போது ரஹீமுன்னிசா புர்காவின் முகத்துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள். எனக்கு அப்படி ஒன்று இல்லையே என்றிருந்தது.

லேடி டாக்டர். கண்ணை மூடச் சொல்லி பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். எங்கே தொடுகிறேன் சொல்லு என்றார். முட்டிக்குக் கீழே எதையும் சொல்ல முடியவில்லை. முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார், கால் ஆடவில்லை. முழங்கை நரம்பை உருட்டிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே எடத்துல வேலையா?"

தோல் பை என்றோம். என்ன வேலை என்றார். ஒட்டுகிற வேலை என்றோம். ஜன்னல் உண்டா என்றார்.

அது இல்லைம்மா என்றார். தேமல் இல்லை, நரம்பு தடிக்கவில்லை, மூன்று பேருக்கும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காலுறை போட்ட அளவுக்கு மரத்திருக்கிறது. மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகிற பசை மருந்துதான் நரம்பைத் தின்கிறது. நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். இன்றோடு அந்த மேசையை விட்டு எழுந்திருங்கள் என்றார்.

நான் தின்னரைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுலயா கை கழுவுனீங்க? தினமுமா?" என்றார். பிள்ளையைச் சொன்னேன். எத்தனை தடவை என்றார். எண்ணவில்லை என்றேன். நாளைக்கே கூட்டிக்கொண்டு வா என்றார்.

எழுந்து வரும்போது சொன்னார், "அதுவாவே இருந்திருந்தாலும் மாத்திர இருக்கு. புள்ளைய தள்ளி வெச்சிருக்கவே வேணாம்."

சொக்கம்மாள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். ரஹீமுன்னிசா அல்லா அல்லா என்றாள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். வியாதி இல்லாத கையை வைத்துக்கொண்டு என் பிள்ளை மேல் விஷத்தைத் தேய்த்திருக்கிறேன்.

25-6-99, வெள்ளி

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குஷ்டம் என்று வாய் விட்டே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததே எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "என்கிட்ட சொல்றதுக்கு இன்னாமே?" என்றார். தாயம்மா மகனைச் சொன்னேன். "நான் அவனா?" என்றார்.

ஷாலுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஊசி நுனியால் லேசாகத் தொட்டதும் வீல் என்று கத்தினாள். உள்ளங்கை, புறங்கை, பாதம், தொட்ட இடமெல்லாம் கத்தல். அவள் அழ அழ எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதேன். வெளியே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் என்னிடம் வரவில்லை. கூட வந்திருந்த மங்கை அக்காவிடம் தாவிக்கொண்டாள்.

28-6-99, திங்கள்

மாஸ்டரிடம் போனோம். சீட்டைக் காட்டினேன். அவர் படிக்கவில்லை. "இருவது வருசமா சொல்யூஷன்லயே கெடக்கிறேன், எனுக்கு வந்துச்சா? ஜன்னல தொறந்தா தூசி, ஒட்டு நிக்காது. மொத்த லாட்டும் திரும்பி வரும். அப்பால கம்பெனிய இழுத்து மூடிட்டு எல்லாரும் பூடலாமா?"

பழைய சொல்யூஷன் வந்தபோது ஜன்னல் திறந்துதானே இருந்தது என்றேன். சீட்டை மடித்து என் கையிலேயே திணித்தார். "வெளிய யாராண்டயும் சொல்லிகினு இருக்காதம்மா" என்றார். முதல் தடவையாக என்னை அம்மா என்கிறார். அவரும் பயந்துபோய்தான் இருக்கிறார், வேறு பயம்.

எழுந்து வந்துவிட்டோம். சொக்கம்மாள் மட்டும் வரவில்லை. "எனுக்கு வேற வழி இல்லமே" என்று திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்து இழுக்கக்கூட என் கையில் பிடி இல்லை.

18-7-99, ஞாயிறு

ஏறுகிறது. மேசையை விட்டு வந்தும் மரப்பு மேலே ஏறுகிறது. நேற்று படியில் முட்டி மடங்கி விழுந்தேன்.

டாக்டரம்மா பொய் சொல்லிட்டாங்களா? அதுதானா?

9-8-99, திங்கள்

அவர்தான் என்னைத் தூக்கி உட்கார வைக்கிறார். குளிக்க மங்கை அக்கா. கரண்டி பிடிக்க முடியாது. ராத்திரி கண்ணை மூடினால் என் காலே இல்லாத மாதிரி. தொட்டுப் பார்க்கலாம் என்றால் தொடுகிற கைக்கும் தெரியாது.

இதை அவர் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. அவருக்குத் தமிழ் எழுத்து குண்டு குண்டாக வருகிறது.

30-8-99, திங்கள்

நரம்பு டாக்டர் சொன்னது: நிறுத்தின பிறகும் கொஞ்ச மாசம் ஏறித்தான் இறங்குமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாசம் சாகாமல் இருந்திருப்பேனே. முழுசா வருமா என்றேன். "பாக்கலாம்" என்றார். டாக்டருங்க வாயில் இந்த வார்த்தை வந்தால் எனக்குக் குலை நடுங்குகிறது.

17-9-99, வெள்ளி

அவர் தோள் பிடித்துக் கம்பெனி வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. எங்கள் இடத்தில் ரெண்டு புதுப் பெண்கள். டீ குடிக்க வெளியே வந்தார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். நெடியைச் சொன்னேன், தின்னரில் கை கழுவாதீங்க என்றேன், செருப்பு கழலுதா என்று தினமும் பாருங்கள் என்றேன். ஒருத்தி என் காலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பின்னால் நகர்ந்தாள். அந்த நகர்தல் எனக்குத் தெரியும். இது ஒட்டாதும்மா என்றேன். இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

24-10-99, ஞாயிறு

ரஹீமுன்னிசாவுக்கு நிக்காஹ். சாப்பாட்டுக்கு உட்கார நடந்தே போனேன், ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் சுவர். அவள் மாமியாரிடம் எல்லாவற்றையும் முன்னாடியே சொல்லிவிட்டாளாம். மாமியார் கேட்டது ஒன்றுதான், "சமைக்க முடியுமா?" மெதுவாகச் செய்வேன் என்றாளாம்.

4-12-99, சனி

சொக்கம்மாள் வந்தாள். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் விழுந்த பிறகுதான் மாஸ்டர் ஜன்னலைத் திறந்தாராம், பழைய சொல்யூஷனுக்கும் மாறிவிட்டாராம். புதுப் பெண்கள் ரெண்டு பேரும் இப்போது என் பேச்சைக் கேட்டுக்கொள்கிறார்களாம். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. சொக்கம்மாள் கால் ரெண்டும் தொங்கியது. இவள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறாள், நான் கடந்த எல்லாவற்றையும் இனிமேல்தான் கடக்கணும்.

9-1-2000, ஞாயிறு

காலையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. கையில். மறுபடி விட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் போய்விடுமோ என்று பயம்; இதைக்கூட அவருக்குச் சொல்லாமல் நானே கோணல் எழுத்தில் எழுதுகிறேன்.

23-1-2000, ஞாயிறு

விரல் நுனி குறுகுறுக்கிறது, ராத்திரியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி. நல்லதுதான் என்றார் டாக்டர். கால் இன்னும் வரவில்லை.

மத்தியானம் மங்கை அக்கா வஞ்சிரம் வறுத்திருந்தாள். எல்லாரும் கீழே உட்கார்ந்தோம். நான் என் தட்டிலேயே ரசம் சோறு பிசைந்து, மீனை முள் பார்த்து எடுத்து வைத்து, ஒரு உருண்டை பிடித்து ஷாலு பக்கம் நீட்டினேன். மே மாசத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

அவள் வாயைத் திறக்கவில்லை. கிட்டே வந்து என் கையை மோந்து பார்த்தாள். திரும்பவும் மோந்தாள். அப்புறம் மங்கை அக்காவிடம், "அத்த, அம்மா கைல துன்லாமா?" என்றாள்.

மங்கை அக்கா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் கையை இறக்கவில்லை.

"துன்னு" என்றாள் மங்கை அக்கா.

ஷாலு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாங்கினாள். மென்றாள், முழுங்கினாள், பாவாடையில் வாயைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டாவது உருண்டை பிடிப்பதற்குள் எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

அந்த உருண்டையை நானே சாப்பிட்டேன்.